கோவலன் கேட்கத் தவறிய தொனி

காவிரி கடலில் கலக்கும் புகாரில், இந்திரவிழா முடிந்து கடலாட வந்த இடத்தில், ஒரு பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டதால் கோவலனின் வாழ்க்கை திசைமாறியது. சிலப்பதிகாரத்தின் ஏழாவது பகுதியான கானல்வரியில் நடப்பது இதுதான்.

யாழை வாங்கிய கோவலன் முதலில் காவிரியைப் பாடுகிறான். சோழன் கங்கையைக் கூடினாலும் குமரியைக் கூடினாலும் காவிரி ஊடுவதில்லை, அதுவே பெருங்கற்பு என்கிறான். ஆடிப்பெருக்கன்று காவிரியை மசக்கைக்காரியாகப் பாவித்துச் சித்ரான்னமும் காதோலை கருகமணியும் படைக்கிற தஞ்சைப் பெண்களுக்கு ஆற்றைப் பெண்ணாகக் காண்பது புதிதல்ல. ஆனால் இந்தப் பாட்டிலிருப்பவள் எந்தப் பெண்? ஊடாமல் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவள் கண்ணகி. பக்கத்தில் அமர்ந்திருப்பவள் மாதவி. பாடுகிறவன் அறியாமலே பாட்டு கண்ணகியைத் தொட்டுவிடுகிறது. மாதவியும் காவிரியிலேயே தொடங்குகிறாள். கணவனின் செங்கோல் வளையாததால்தான் காவிரி அசைந்து நடக்கிறாள் என்பது அவள் பாட்டு. ஆற்றின் பொறுமையைப் புகழ்ந்தவனுக்கு அரசனின் கடமையைச் சொல்லும் பதில் அது.

அகப்பாட்டில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. மாதவி தொடர்ந்து பாடும் பாட்டுகளில் கேட்கும், கடற்கரையில் வருந்தும் பெண்ணின் குரல், பாடுகிறவளின் சொந்தக் குரல் அல்ல. ஆடலும் பாடலும் கற்ற மாதவிக்கு இது தெரியும். கோவலன் பாட்டில் வேறொரு குறிப்பு இருப்பதாக நினைத்து உள்ளுக்குள் ஊடி, வெளியே மகிழ்ந்தவள்போல் காட்டி, தனக்கும் ஒரு குறிப்பு இருப்பதுபோலப் பாடினாள் என்று இளங்கோ வெளிப்படையாகவே சொல்கிறார். கோவலனோ பாட்டை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

ஊழ்வினை யாழைச் சாக்காக்கிக்கொண்டது என்கிறது காப்பியம். தேர்வுக்கு அந்த விடை போதும். கடற்கரைத் திணையான நெய்தல் என்றால் இரங்கல் என்று நோட்ஸில் படித்து மனப்பாடம் செய்த மாணவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த மாணவர் கோவலன் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில், 1892இல், அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் சிலப்பதிகாரத்தை அச்சிட்டார். கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. இசையும் கூத்தும் ஆழ்ந்தறிந்த அந்த உரைகாரர் இந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்டார் என்பது நமக்கு இல்லாமல் போனது பேரிழப்பு. ஆனால் பழைய உரைகாரர்கள் வாசித்த முறை நம் கையில் இருக்கிறது. இது யார் கூற்று, யாரை நோக்கியது, எந்தச் சூழலில் என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் உள்ளுறைக்குள் நுழைந்தார்கள். குறியீட்டுப் பட்டியல் அதற்கு ஈடாகாது.

கோவலனும் காலம் தாழ்த்தி அப்படிப் படிக்கக் கற்றான். வேனிலில் வந்த மாதவியின் முதல் ஓலையை, ஆடல்மகளின் நடிப்பு என்று மறுத்தவன் அவன். மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் என்ற அந்தணன் கொடுத்த அவளது இரண்டாம் ஓலையைப் படித்ததும், தீது அவளுடையதல்ல, தன்னுடையது என்கிறான். அதோடு நில்லாமல், அதன் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று அதே ஓலையை அவர்களிடம் சேர்க்கச் சொல்கிறான். ஓர் எழுத்தும் மாறவில்லை. காதலி கேட்ட மன்னிப்பு மகன் கேட்கும் மன்னிப்பாகிவிட்டது.

கானல்வரியைப் பாடமாக வைக்கும் டெல்டா கல்லூரிகள், இந்த இரண்டாம் ஓலை வரும் புறஞ்சேரி இறுத்த காதையையும் உடன் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வகுப்பில் வாய்விட்டுப் படிக்கட்டும். நோட்ஸை அதற்குப் பிறகு திறக்கலாம்.