ஜிலேபி மட்டும் எப்படிப் பிழைக்கிறது?

கோவை உக்கடம் பெரியகுளத்தில் வலை வீசினால் அதிகம் ஏறுவது ஜிலேபி மீன்தான். நொய்யல் தண்ணீரோடு ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்ந்த குளம் அது. “மீனுதான் துள்ளுதே, தண்ணிக்கு என்ன கேடு?” என்று கரையில் நிற்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால், தண்ணீரின் யோக்கியதைக்கு ஜிலேபியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, 1952-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மீன் இது. ஆக்சிஜன் குறைந்தாலும், உப்பு ஏறினாலும், அம்மோனியா கூடினாலும் சமாளித்துவிடும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும் என்பதால், அடியில் சகதி படிந்தாலும் கவலையில்லை. தரையிலும் செடியிலும் முட்டையிடும் நம்மூர் மீன்களுக்கு அந்த வசதி இல்லை. சகதி மூடியதும் முட்டை மூச்சுமுட்டிப் போகும். விரால் வேறு ரகம். மேலே வந்து காற்றையே குடித்துவிட்டுப் போகும். ஆக, ஓர் ஆற்றில் ஜிலேபியும் விராலும் மட்டும் மிஞ்சினால், மற்றவை எங்கே என்றுதான் கேட்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலே அதிகம். பெரும்பாலான மீன்களுக்கு 5-க்குக் குறையாமல் வேண்டும். சாக்கடை கலந்தால், அந்தக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். இரவில் பாசியும் ஆக்சிஜன் தராது, எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அதனால் விடியும் நேரத்தில் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போகிறது. காலையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், ‘ராத்திரி யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்’ என்று பேச்சு கிளம்புவது இதனால்தான். பல நேரம் அந்த ‘யாரோ’ ஊரின் சாக்கடைதான்!

2024 மே மாதம் கேரளத்தின் பெரியாற்றில், ஏலூர் பக்கம் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் முதலையே இழந்தார்கள். ஆலைக் கழிவு காரணமா, தடுப்பணை ஷட்டரைத் திறந்தபோது வந்த ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் காரணமா என்று வாதம் நடந்தது. அப்படியொரு தண்ணீர் அங்கே எப்படித் தேங்கியது என்பதல்லவா முதல் கேள்வி?

செத்த மீன் செய்தியாகிறது. நோயோடு நீந்தும் மீனை யாரும் கவனிப்பதில்லை. நன்னீர் மீனின் உடலில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது செவுள்தான். மூச்சுவிடுவதும் அதில்தான். சாயம் துணியில் பிடிக்க உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியபோது அந்த உப்பும் சேர்ந்தே வந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது.

இப்படிப்பட்ட தண்ணீரில் செவுளின் மெல்லிய தோல் தடித்து, கோழை படியும். மூச்சுக்கே சக்தி செலவானால் வளர்ச்சி குறையும், எதிர்ப்பு சக்தி விழும். அப்புறம் புண், துடுப்பு அழுகல், ஒட்டுண்ணி என்று வரிசையாக வரும். சாக்கடையில் வரும் ஹார்மோன்கள் இன்னும் விபரீதம். பிரிட்டனில் சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில், கெண்டைக் குடும்பத்து ‘ரோச்’ ஆண் மீன்களின் விந்துப்பையில் முட்டைகள் இருந்ததை 1990-களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். சுத்திகரித்த தண்ணீருக்கே இந்தக் கதி.

சமையலறைக்கு வருவோம். ஈயம், காட்மியம் போன்றவை ஈரல், சிறுநீரகம், செவுளில்தான் அதிகம் சேரும். அவற்றைச் சுத்தமாக நீக்கிவிட்டால் ஓரளவு பாதுகாப்பு. பாதரசம் அப்படியல்ல. சதையிலேயே தங்கும், மஞ்சளும் புளியும் அதை எடுக்காது. செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால், மீன் எப்போது செத்தது என்பதைத்தான் அது சொல்லும். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.