நாலரை ஏக்கர், 600 பாட்டில்... பதியக்கொடியைப் பிடுங்கிய தோட்டம்!

''பிரான்ஸ் நாட்டில் பழைய சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்று கோடிக்கணக்கில் ஏலம் போனதாகச் சொல்கிறார்கள். அது என்ன திராட்சை? நம் பக்கம் அந்த ரகம் வருமா?''

- கம்பம் பகுதி வாசகர்

செய்தி உண்மைதான். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் ஒரே ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 4 கோடி ரூபாய்க்கும் மேல். 1945-ம் ஆண்டு அறுவடையான திராட்சையின் ஒயின் அது. விளைந்த இடம், பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் வோன் ரோமனே என்ற சிற்றூரில் உள்ள 'ரோமனே கோன்டி' தோட்டம். பரப்பளவு 1.81 ஹெக்டேர். சுமார் நாலரை ஏக்கர்தான்!

ரகம், 'பினோ நுவார்'. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இதே ரகம்தான். ஒரு காலத்தில் துறவி மடத்தின் நிலமாக இருந்து, பிறகு கைமாறி, 1760-ல் கோன்டி இளவரசர் வாங்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு பறிமுதல் செய்து விற்றது. இளவரசர்கள் போனார்கள், கொடி மட்டும் அப்படியே நின்றது.

எப்படி நின்றது என்பதுதான் விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம். அங்கே அந்தக் காலத்தில் நாற்று வாங்கி நட்டதில்லை. கொடி பட்டுப்போனால், பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் பிடிக்க வைப்பார்கள். நம் மல்லிகைப் பதியம் போலத்தான். தலைமுறை தலைமுறையாக இப்படியே செய்ததால், பழைய கொடியின் வம்சம் அறுபடவே இல்லை.

1860-களில் வந்தது வினை. அமெரிக்காவிலிருந்து வந்த 'ஃபில்லோக்சரா' என்ற வேர் அசுவினி, பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்று கண்டுபிடித்து, அதன்மேல் சொந்த ரகத்தை ஒட்டுக்கட்டி மற்றவர்கள் தப்பித்தார்கள். ரோமனே கோன்டிக்காரர்கள் சம்மதிக்கவில்லை. ஒட்டுக்கட்டினால் ருசி மாறிவிடும் என்ற பயம். அதற்காக, 'கார்பன் டைசல்பைடு' என்ற ரசாயனத்தைக் கொடியைச் சுற்றி மண்ணுக்குள் ஊசிபோல் செலுத்திக்கொண்டே காலம் தள்ளினார்கள். செலவு பிடித்த வேலை; ஆளுக்கும் ஆபத்தான வேலை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் அந்த ரசாயனம் கிடைக்கவில்லை; வேலைக்கு ஆளும் இல்லை. கொடிகள் நலிந்தன. போதாக்குறைக்கு, 1945 வசந்தத்தில் உறைபனி விழுந்து மொட்டுகள் கருகின. நாலரை ஏக்கரில் அந்த ஆண்டு கிடைத்தது சுமார் 600 பாட்டில் மட்டுமே. அறுவடை முடிந்ததும் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். நூற்றாண்டுகளாகக் காத்த பதிய வம்சத்தின் கடைசி மகசூல் என்பதால்தான் அந்தப் பாட்டிலுக்கு இந்த விலை. ருசிக்கு மட்டும் கொடுத்த பணமல்ல அது.

ஆனால், வம்சத்தை முழுசாக விட்டுவிடவில்லை. அதே குடும்பத்தினரின் 'லா தாஷ்' தோட்டத்தில், ரோமனே கோன்டியின் குச்சிகளை முன்கூட்டியே ஒட்டுக்கட்டி வளர்த்திருந்தார்கள். அங்கிருந்து குச்சி எடுத்துத்தான் 1947-ல் மறுநடவு நடந்தது. 1946 முதல் 1951 வரை, ஆறு ஆண்டுகளுக்கு ரோமனே கோன்டி என்ற பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. 1952-ல்தான் மறுபடியும் ஒயின் வந்தது. பெயர் கெடக்கூடாது என்று ஆறு வருட வருமானத்தை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. இன்றைக்கு அங்கே ரசாயனம் கிடையாது. மண் இறுகிவிடக்கூடாது என்று குதிரை பூட்டி உழுகிறார்கள்.

இனி, வாசகரின் இரண்டாவது கேள்வி. பினோ நுவார் குளிர் பிரதேச ரகம், பழத்தோல் மெல்லியது. கம்பம் பள்ளத்தாக்கு வெயிலுக்குச் சரிப்படாது. ஆனால், அந்த நாட்டைக் காப்பாற்றிய ஒட்டுமுறை இங்கேயும் உதவும். உப்புத்தன்மை, நூற்புழு பிரச்னை உள்ள நிலங்களில், அமெரிக்கத் திராட்சை வழிவந்த 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நடுவது நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. தோட்டம் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு வேர்ச்செடியைத் தேர்வு செய்யலாம்.