பிள்ளை குழம்பவில்லை

பாளையங்கோட்டையில் ஒரு பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் பிந்தினால் போதும், தெருவே கூடித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. “வீட்டுல ரெண்டு பாஷை பேசுதிய, அதான் பிள்ளை குழம்பிட்டு. ஏதாவது ஒண்ணைப் பேசுங்க.” அந்த ஒன்று எது என்று யாரும் கேட்பதில்லை. விடப்படுவது எப்போதும் தமிழ்தான். சில மழலையர் பள்ளிகளில், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசவும் என்று டைரியிலேயே எழுதி அனுப்புகிறார்கள். படித்த பெற்றோர் அதை மருந்துச்சீட்டுப் போல வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. அதனால் பிள்ளைகளுக்குக் கேடு நடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் பேத்திக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவளுடைய அப்பா அவளிடம் ஆங்கிலம் பேசுவார், அம்மாவும் ஆச்சியும் தமிழ். குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில் ஒருநாள் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குஞ்சு மீன்கள் வந்து விரலைக் கொத்தின. “ஆச்சி, மீன் கடிக்கிங்!” என்று கூவினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர்களில் ஒரு அம்மாள் சொன்னார்: “பாத்தியளா, ரெண்டையும் போட்டுக் குழப்புது.”

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளை செய்த வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘கடி’ வினைச்சொல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘இங்’ என்றொரு விகுதி உண்டு என்று தெரிந்திருக்கிறது. அது வினைக்குப் பின்னால்தான் ஒட்டும், மீனோடு ஒட்டாது என்பதும் தெரிந்திருக்கிறது. யாரும் அவளுக்கு இலக்கணம் நடத்தவில்லை. ‘டாகிக்கு பிஸ்கட்’ என்னும்போது நான்காம் வேற்றுமையும், ‘டவல்ல துடை’ என்னும்போது உருபும் அதது இடத்தில் வந்து உட்காருகின்றன. புதுப் பேருந்து நிலையத்தில் “ஸீட்ல கர்ச்சீப் போட்டுட்டு டிக்கெட் எடுத்தாச்சி” என்று பெரியவர்கள் பேசுவதும் இதே கட்டுமானம்தான். அவர்களை மூளை குழம்பியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் அப்பா கூடத்திலிருந்து ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டார். ஆச்சி அடுக்களையில் இருந்தாள். பேத்தி ஓடிப்போய், “ஆச்சி, அப்பாக்குத் தண்ணி வேணுமாம்” என்றாள். அந்த ‘ஆம்’ அப்பா பேசிய ஆங்கிலத்தில் கிடையாது. இது இன்னொருவர் கேட்டது, நான் வந்து சொல்கிறேன் என்பதைத் தமிழ் அந்த ஒரு சின்ன ஒட்டிலேயே சொல்லிவிடுகிறது. யாரிடம் எந்த மொழி என்று பார்த்து, ஒன்றில் கேட்டதை மற்றொன்றின் வழக்கப்படி மாற்றிச் சொன்ன பிள்ளையையா குழம்பியது என்கிறோம்?

இந்தத் தாமிரபரணிக் கரையில் இரண்டு மொழிப் பிள்ளை புதிதுமல்ல. வீரவநல்லூர்ச் சௌராஷ்டிரக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். மலையாளமும் தமிழும் அங்கே சேர்ந்தே புழங்கின. வடக்கே கரிசலில் எத்தனையோ வீடுகளில் தெலுங்கு. இடைசெவலில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த கி. ராஜநாராயணன்தான் கரிசல் தமிழுக்கே வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். 1991-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இந்த வீடுகளில் யாரும் ‘ஒரு பாஷையை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. இரண்டாவது மொழி ஆங்கிலமானதும்தான் நமக்கு இந்தப் பயம் வந்தது. பயம் பிள்ளையின் மூளையைப் பற்றியது என்றால் சௌராஷ்டிரத்துக்கும் வந்திருக்க வேண்டுமே!

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் ஆராய்ச்சி முலாமும் பூசப்பட்டது. 1923-இல் சேர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, கிராமத்து இருமொழிப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் பின்தங்குவதாக எழுதினார். குடும்ப வசதியை அவர் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962-இல் மாண்ட்ரியலில் பீலும் லாம்பர்ட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவே இல்லை. 2010-இல் வான்கூவரில், தகலாக் என்ற பிலிப்பைன்ஸ் மொழியும் ஆங்கிலமும் பேசும் தாய்மாருக்கு அப்போதுதான் பிறந்த சிசுக்களைச் சோதித்தார்கள். சூப்பானைச் சப்பும் வேகத்தை வைத்துப் பார்த்ததில், அவை இரண்டு மொழிகளையும் வேறுபடுத்திக் கேட்டன. கருவிலேயே கேட்டுப் பழகிய காது அது.

அப்படியானால் பேச்சு குறைவாகத் தோன்றுவது ஏன்? பல வீடுகளில் கணக்குப் பார்ப்பதிலேயே தவறு. ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடக் கூடத் தெரிகிறதே என்று கவலைப்படுகிறார்கள். ‘சோறு’, ‘பூச்சி’, ‘வேண்டாம்’ எல்லாம் கணக்கில் வருவதில்லை. மயாமியில் பார்பரா பியர்சன் குழுவினர் 1993-இல் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது, ஒருமொழிப் பிள்ளைகளுக்கு ஒப்பாகவே வந்தது.

இருமொழிப் பிள்ளை அதிபுத்திசாலி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி விளம்பரம் செய்கிறவர்களையும் நம்ப வேண்டாம். ஒரு மொழி நன்றாக வர வேண்டுமானால் அதைப் பிள்ளை நிறையக் கேட்க வேண்டும், அதுவும் முகம் பார்த்துப் பேசும் மனிதரிடமிருந்து. 2003-இல் பட்ரீசியா குல் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சோதித்தார். நேரில் சீன மொழி பேசியவரிடம் அதன் ஒலிகளை அவை கற்றன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது கற்கவில்லை. செல்போனில் ஓடும் ஆங்கில ரைம்ஸ் அப்பா அம்மா ஆகாது.

என்னை மிகவும் வருத்துவது, பள்ளியின் அந்த டைரிக் குறிப்புக்குப் பிறகு வீடுகளில் நடப்பது. தமிழில் மணிக்கணக்காகக் கதை சொல்லக்கூடிய தகப்பனார் ஆங்கிலத்தில் ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘டோன்ட்’ என்ற நாலு சொல்லுக்குள் அடங்கிப்போகிறார். அல்வாக் கடையில் ஏன் இவ்வளவு கூட்டம், வாய்க்காலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாபநாசம் மலைக்கு அந்தப் பக்கம் என்ன என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அவரிடம் சொல் இல்லை. பிள்ளை நாள் முழுக்கக் கேட்பது கட்டளை மட்டுமே. ஆச்சியின் வாயையும் அடைத்துவிடுகிறார்கள். பேச்சு நிஜமாகவே பிந்துவதற்கு இதைவிட வேறு வழி தேட வேண்டாம்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ‘ரெண்டு பாஷை’ என்று பழியைப் போட்டுவிட்டு, காதைச் சோதிக்க வேண்டிய மாதங்களை வீணாக்குகிறோம். காது கேளாத பிள்ளைகளுக்கென்று நூறாண்டு தாண்டிய ஃப்ளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி இருக்கும் ஊர் இது. இங்கேயே இப்படி நடக்கலாமா? கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை, ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்த சொற்களைத் திடீரென்று விட்டுவிட்ட பிள்ளை, இவர்களுக்கு ஒரு மொழியைக் குறைப்பது வைத்தியமே இல்லை. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் முதலில் காதைச் சோதியுங்கள். பிள்ளை என்னென்ன பேசும் என்று டாக்டர் கேட்பார். தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் இரண்டையும், ‘கடிக்கிங்’ உட்பட, ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.