ஈப்போ தந்த கித்தார் வித்துவானும் நமது கடமையும்

ஈப்போவில் 1961ஆம் ஆண்டு பிறந்து, சிங்கப்பூரையே தமது கலைக்களமாகக் கொண்டு, 2012 ஜூலையில் அங்கேயே காலமான பால் பொன்னுதுரை, உலகமறிந்த பாடல்களை எடுத்துக்கொண்டு, மெட்டும் அடிநாதமும் தாளமும் ஒரே கித்தாரிலிருந்து ஒருங்கே எழும்படி வாசித்து, அவற்றைப் புதிய சிருஷ்டிகளாகவே ஆக்கிக் காட்டிய மகா வித்துவான். 'டைம்' என்ற சர்வதேசப் பத்திரிகையே அவரை வியந்து எழுதியது. ஆனால் அவருடைய ஜீவனமோ, மதுக்கூட மேடைகளில் இரவுதோறும் வாசிப்பதையே பெரிதும் நம்பியிருந்தது. அவர் பிறந்த பேராக் மாநிலத்திலோ, அவர் பெயரை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே.

எந்த நிறுவனத்தையும் சாராத கலைஞனின் பொருளாதாரம் இதில் தெளிவாகிறது. வாசிப்பவனுடைய வருவாய் அன்றைய இரவோடு முடிந்துவிடுகிறது. நோயுற்றுப் படுத்தால் மறுநாள் சன்மானம் இல்லை. பாடலை இயற்றுகிறவனுக்கோ, மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அவன் ஆயுட்காலத்திலும் அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை அளிக்கிறது. எனினும், பாடுவாரும் கேட்பாரும் இல்லாத பாட்டுக்கு உரிமை இருந்தென்ன பிரயோஜனம்?

அக்கேட்பாரைத்தான் பேராக் இழந்தது. பால்மரம் வெட்டி வாழ்ந்த தோட்டங்களில், கோயில் திருவிழாவும் உறுமி மேளமும் கல்யாண மேடையும் இசைக்கு நிரந்தரமான ஒரு சபையைத் தந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும், 1985இல் ஈயத்தின் விலை வீழ்ந்து கிந்தாச் சமவெளியின் சுரங்கங்கள் மூடப்பட்டும் போகவே, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். சபை கலைந்த ஊரில் வித்துவான் மட்டும் எவ்வாறு தங்குவான்?

ஜனங்களின் ருசி சினிமாப் பாட்டில்தான் இருக்கிறது என்று நம் விழா அமைப்பாளர்கள் சமாதானம் சொல்வதுண்டு. ருசி என்பது பிறவிக்குணமன்று, பழக்கத்தால் வருவது. யோகி பி-யும் ஈப்போவின் நட்சத்திரா குழுவினரும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' என்ற ராப் இசைத்தொகுப்பு, இந்நாட்டுத் தமிழ் இளைஞனின் குரலைத் தமிழகத்து ரசிகர்களும் விரும்பிக் கேட்பார்கள் என்பதை நிரூபித்தது.

ஆதலால் நாம் செய்யவேண்டியது எட்டாத காரியமன்று. சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் ஈப்போவிலும் உள்ள ஆலய நிர்வாகங்களும் சங்கங்களும், ஒவ்வொரு கலை இரவிலும் உள்ளூர்க் கலைஞர் தாமே இயற்றிய பாடலுக்கு ஓர் இடமும், முன்கூட்டியே நிச்சயித்த சன்மானமும் ஒதுக்க வேண்டும். வானொலி அப்பாடல்களை ஒலிபரப்ப வேண்டும். கலைஞரும் தம் படைப்புகளை முறையாகப் பதிவுசெய்து உரிமத்தொகை பெற முன்வரவேண்டும். திறமை பிறப்பதற்கு ஈப்போவில் என்றும் குறைவிருந்ததில்லை; அத்திறமை ஈப்போவிலேயே குடும்பம் நடத்தக்கூடிய நிலையை உண்டாக்குவது, கேட்டு ஆனந்திக்கும் நம் அனைவருடைய பொறுப்பாகும்.