கல்லமேட்டின் பொடிந்த எலும்பு

சிங்கப்பூரின் மார்சிலிங் அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர்ப்பெயர் மறந்துபோனாலும் போகுமேயன்றி, டைனோசர்களின் நாமாவளி ஒருபோதும் பிசகாது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்று பிரம்மாண்டமான எலும்புக்கூடுகளும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்து வந்தவை என்ற விருத்தாந்தத்தைக்கூட அவர்கள் ஒப்பிப்பார்கள். அதில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆனால், கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் பகாங்கிலேயே, மீனைப் பிரதான ஆகாரமாகக் கொண்ட ஸ்பைனோசர் இனத்தின் பல் ஒன்று அகப்பட்டதென 2014இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் அறிவித்ததும், நம்மில் பலருக்குப் பூர்விகமான திருச்சிச் சீமையின் ஒரு பகுதி முன்னொரு யுகத்தில் சமுத்திரமாக இருந்ததும் அவர்கள் காதில் விழாதிருப்பதுதான் என் ஆதங்கம்.

அச்சீமையைச் சேர்ந்த பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தில், மழைநீர் அரித்து மேடும் பள்ளமுமாக்கிவிட்ட களிமண் வெளியில், வெயிலில் மின்னும் ஜிப்சம் தகடுகளினிடையே விரல் பருமனில் நுனி கூர்ந்து கிடக்கும் கற்கள், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நீந்தித் திரிந்த, கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்னும் பிராணியின் உள்ளோடுகளே. ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் அங்கே உண்டு. 1840ஆம் ஆண்டு வாக்கில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் திரட்டத் தொடங்கிய இச்செல்வத்தைப் பின்னர் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் பெருந்தொகுதிகளாக வருணித்தார்.

கடல் விலகிய பிற்காலத்து நிலத்தின் கதைதான் துர்ப்பாக்கியமானது. அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற ஆராய்ச்சியாளர்கள் 1987இல் ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். முதலில் மாமிச பட்சிணி என்று கருதப்பட்ட அது, நீண்ட கழுத்துடைய தாவர பட்சிணியாகவே இருக்க வேண்டும் என்பது பிற்காலத்தார் அபிப்பிராயம். முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டுமே 2 மீட்டர். பூமியில் நடந்த ஜந்துக்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் அர்ஜென்டினோசாரஸுக்கோ அது 1.55 மீட்டர்தான். இந்த அளவைச் சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை. எலும்புகள் பொடிந்து போயின. சில சித்திரங்களும் புகைப்படங்களுமே மிச்சம். நொறுங்கும் எலும்பில் பசை ஊறவிட்டு, சாக்குத்துணியும் சாந்தும் சுற்றிக் கட்டிய பிறகே மண்ணிலிருந்து பெயர்ப்பது உலகெங்கும் பழகிய முறை. அதற்கு வேண்டியது பெருந்தனமன்று, ஆளும் கூடமும் தொடர்ந்த அக்கறையுமே. தனிமனிதர் எவர்மீதும் பழி சொல்லேன். ஆயினும், மாற்றார் தேசத்து எலும்பைக் கண்டு வியக்கும் நாம், நம் மண்ணின் எலும்பைப் பொடியவிட்ட இனம் என்பதை மறுக்க முடியுமா?

அரியலூருக்கு அருகே வாரணவாசியில் இன்று ஒரு தொல்லுயிர் அரும்பொருளகம் இருக்கிறது. எலும்பைக் காக்கும் நிரந்தரப் பணிக்கூடம் ஒன்றை அதனோடு தமிழக அரசு இணைத்தாக வேண்டும். டிசம்பர் விடுமுறையில் திருச்சிக்கு விமானம் ஏறும் மார்சிலிங் பெற்றோரே, கோயில் தரிசனமும் கல்யாணமும் போக, ஒரு பகலை வாரணவாசிக்கும் காரைக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகள் எத்தனை கெஞ்சினாலும் அங்கிருந்து ஒரு கல்லையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.