வந்து சேராத பிழை அறிக்கைகள்

கைப்பேசிச் செயலி ஒன்று பாதியில் நின்றுவிடுமாயின், எந்தக் கட்டத்தில், என்ன காரணத்தால் நின்றது என்பதை அதுவே குறித்து, இணையச் சேவை ஒன்றுக்கு அறிக்கையாக அனுப்புவது இக்காலத்து வழக்கம். இவ்வறிக்கைகளைத் திரட்டி ஆராய்ந்த மைக்ரோசாப்ட் நிறுவனம், ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகளே 80 விழுக்காடு பிழைகளுக்குக் காரணமாயிருப்பதை 2002ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிற்று. அதிகமாக வரும் பிழையை முதலில் திருத்துக என்னும் நெறி எங்கும் வேரூன்றியது. நெறி நன்றே. ஆயினும், வந்து சேர்ந்த அறிக்கைகளை மட்டுமே அது எண்ணுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுப்பகுதியிலுள்ள கட்சாலை எடுத்துக்கொள்வோம். நிக்கோபாரிகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி ரப்பர்த் தோட்ட வேலைக்கெனக் குடியமர்த்தப்பட்ட தமிழர்களும் வாழும் தீவு அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு மக்கள் தொகை 2,685. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடியில் இடப்பட்டு, 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட கண்ணாடியிழைக் கேபிள் எட்டுத் தீவுகளை இணைத்தது. அண்டையிலுள்ள கமோர்ட்டா அவற்றுள் ஒன்று. கட்சால் அவ்வெட்டில் இல்லை. இத்தகைய இடங்களில் தொடர்பு அறுவதே செயலி நிற்பதற்குக் காரணமாகலாம். அதனைத் தெரிவிக்கவும் அந்தத் தொடர்பையே நம்பியிருப்பது, படகு கவிழ்ந்த செய்தியை அதே படகில் ஏற்றி அனுப்புவதை ஒக்கும்.

அங்கன்வாடி ஊழியர் ஒருவர் குழந்தைகளின் எடையைப் பதிகையில் செயலி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அவர் மறுபடியும் முயல்கிறார். பின்னர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். தலைமை அலுவலகத்தின் பட்டியலில் கட்சாலுக்கு நேரே பிழை எதுவும் இராது. அதைக் கண்டு, அங்கே யாவும் செவ்வனே நடைபெறுவதாக முடிவு செய்வோரும் உளர்!

இதற்குப் பரிகாரம் அரிதன்று. அறிக்கை முதலில் கைப்பேசியின் நினைவகத்தில் எழுதப்பட வேண்டும். மைய சேவையிலிருந்து ஒப்புகை வரும்வரை அழிக்கப்படலாகாது. மறுமுயற்சிகளுக்கு இடையே ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என இடைவெளி பெருகிச் செல்லல் வேண்டும். இன்றேல் மின்கலம் வீணே தீரும். ஒவ்வோர் அறிக்கைக்கும் தனி எண் இருப்பின், ஒன்றே இருமுறை வந்தாலும் எண்ணிக்கை பிழைபடாது. பிழை நேர்ந்த நேரமும் அறிக்கை வந்த நேரமும் தனித்தனியே பதிவாக வேண்டும். குழந்தையின் பெயரோ ஆதார் எண்ணோ அதில் இடம்பெறுதல் கூடாது. கணக்கிடும் முறையும் மாற வேண்டும்: பதினாயிரம் கைப்பேசிகளில் எண்பது நிற்பதைவிடப் பத்தில் எட்டு நிற்பதே பெருங்குறை என்பது என் துணிபு.

முகவரியைப் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தைப் பற்றி வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல், அப்போதைய அறிவியல் துறை அமைச்சருக்குப் போகாமல், முன்னாள் அமைச்சரின் இல்லத்திற்குச் சென்றது. உரிய இடத்திற்கே சென்றிருந்தாலும் அது கட்சாலைக் காத்திராது. ஆழிப்பேரலை அதற்கு முன்பே அங்கு அடித்துவிட்டது. எனினும், முகவரி பழையதாயின் செய்தி வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. செயலிக்குள் என்றோ பொறித்துவைத்த சேவை முகவரி, சேவை இடம் மாறிய பின்னும் மாறாதிருப்பது இதே வகைக் குறையாகும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கது சிறிதே. செயலி நின்ற நாள், நேரம், அப்போது தொட்ட பொத்தான், செயலியின் பதிப்பு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. தொடர்புள்ள இடத்திற்குச் செல்லும்போது ஒருமுறை செயலியைத் திறந்து சற்றே காத்திருங்கள். அதுவரை, அதனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும்படி எவரேனும் கூறினாலும் அவசரப்பட வேண்டா. சேமித்துவைத்த அறிக்கைகளும் அதனோடு அழிந்துபோகும்.