ஆட்டமும் ஊர் காணலும்

திண்டிவனத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் ஒரு தாளை நீட்டினார். சென்னையில் பணியாற்றிய காலத்தில் கோல்ஃப் பழகியவர். மூன்று நாள் கொடைக்கானல் பயணம்; நாள்தோறும் காலையில் ஆட்டம், பிற்பகலில் ஊர் காணல். விழுப்புரத்தில் இரவு ரயிலேறி விடியலில் கொடை ரோடு. அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர். 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸையும் மறக்கவில்லை. தாளில் எல்லாம் இருந்தன, அவர்தம் மனைவியின் விருப்பம் தவிர.

1895-இல் தோன்றிய அக்கோல்ஃப் கழகத்தில் பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். (வெளியார் ஆட முன்கூட்டியே அனுமதி கேட்டல் நலம்.) அதுவரை அம்மையார் விடுதி அறையில் காத்திருக்க வேண்டும். பிற்பகலில் தூண் பாறைக்கு அழைத்துச் செல்வாராம்! ஏறக்குறைய 400 அடி உயர்ந்த அப்பாறைகளைப் பிற்பகல் மூடுபனி மறைத்துவிடும் நாள்களே மிகுதி என்பதை மலையறிந்தோர் அறிவர்.

ஆகவே தாளைத் திருத்தினோம். மலையேறிய களைப்பில் முதல் நாள் ஆட்டம் எதற்கு? மூடுபனி சூழுமுன் தூண் பாறையும், கோல்ஃப் மைதானத்தை அடுத்துள்ள பசுமைப் பள்ளத்தாக்கும் காணட்டும். மறுநாள் காலை ஆட்டம். பிற்பகலில் பனிக்கு அஞ்சாத செண்பகனூர் அருங்காட்சியகம். இயேசு சபையார் சேர்த்துவைத்த பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்றாம் நாளை வெறுமையாக விட்டு, அம்மையாரிடம் கொடுக்கச் சொன்னோம். அவர் எழுதியனுப்பியது ஒரே வரி: ஏரியை இருவருமாகச் சுற்றி நடக்க வேண்டும். சுற்றுச் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பதினெட்டுக் குழி நடப்பவருக்கு அது பெரிதன்று.